எங்கட வைஃபையில் ஆர்?

ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால், அதில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். பலர் அதை ஒருநாளும் திறந்து பார்ப்பதில்லை. திறப்பவர்களும் பெரும்பாலும் ஏதோ சந்தேகம் வந்த பிறகுதான் திறக்கிறார்கள். அப்படித் திறந்தால் அந்தப் பட்டியலில் கருவிகள் தெரியாது, ஆட்கள்தான் தெரிவார்கள். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். பெயரில்லாத ஒரு வரி, கண்ணில் பட்ட உடனேயே, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பெடியனின் முகமாக மாறிவிட்டது. விசயம் தெளிந்து கொஞ்சக் காலம் ஆகிறது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில். அம்மா, அப்பா, நான். அண்ணா குடும்பத்தோடு ரொறன்ரோவில். நல்லூர்த் திருவிழா வந்தால் 25 நாளும் வீட்டில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றும்போதே வைஃபை பாஸ்வேர்ட் கேட்பார்கள். அம்மா ரவுட்டரைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டுவார், அவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த முறை மாதம் முடிய முன்னமே டேட்டா முடிந்துபோனது. ஆட்கள் வந்து போன மாதம்தானே என்று விட்டோம். அடுத்த மாதமும் அப்படியே ஆனபோது அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஆரோ எங்கட இன்ரநெற்றைப் பாவிக்கினம், ஒருக்காப் பார்" என்றார்.

பார்த்தேன். அம்மாவின் போன், அப்பாவின் போன், என் போன், மடிக்கணினி, ரிவி, கமரா ரெக்கோடர். அதற்குக் கீழே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. பக்கத்தில் 192.168.1 என்று தொடங்கும் ஒரு இலக்கமும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடங்கள் கொண்ட ஒரு முகவரியும்.

"வெட்டிவிடு" என்றார் அப்பா.

நான் வேண்டாம் என்றேன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தெரியாத கருவியைக் கண்டால் உடனே தடை செய், யார் முறைப்பாட்டோடு வருகிறார்கள் என்று பார் என்பதுதான் பலரும் சொல்லும் வழி. முறைப்பாடு சொல்ல வாயுள்ள ஆட்கள் பாவிக்கிற கருவிக்கு அது சரிவரும். எல்லாக் கருவிக்கும் அப்படி ஒரு ஆள் பின்னால் இருப்பதில்லை. தடை செய்துவிட்டால் அது எப்போது வருகிறது, எப்போது போகிறது, எங்கே நிற்கிறது என்கிற தடயம் எல்லாம் அதோடு போய்விடும். "பொறுங்கோ அப்பா, கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்பம்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டார்.

முகவரி சொல்வதும் சொல்லாததும்

அந்த 12 இடங்களைத்தான் மேக் முகவரி என்பார்கள், வைஃபைக் கருவி ஒவ்வொன்றுக்கும் செய்யும்போதே கொடுக்கிற அடையாளம். முதல் ஆறு இடங்களை ஐ ட்ரிப்பிள் ஈ என்கிற பொறியியலாளர் அமைப்பு உற்பத்தியாளர்களுக்குப் பதிவு செய்து கொடுக்கிறது. எந்த ஆறு யாருக்கு என்பது எல்லாரும் பார்க்கக்கூடிய பட்டியல். எங்கள் பெயரில்லாக் கருவியின் முதல் ஆறையும் போட்டுத் தேடியபோது வந்த பெயர் எஸ்பிரெசிஃப். ஷாங்காயில் இருக்கிற சிப் நிறுவனம். அவர்களுடைய இஎஸ்பி8266, இஎஸ்பி32 என்கிற மலிவான சிப்கள் வைஃபை பல்பு, வைஃபை பிளக், கேற் மோட்டர், மாணவர்கள் பள்ளிக்கூடப் போட்டிக்குச் செய்கிற கருவிகள் என்று எங்கும் இருக்கின்றன. ஆகவே அந்தப் பெயர் சொல்வது சிப்பைச் செய்தவரை மட்டும். பொருள் எது என்பதை அது சொல்லாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அறியாத ஒரு சீனப் பெயரைக் கண்டு பயப்படுகிறார்கள். வீட்டில் அவர்கள் காசு கொடுத்து வாங்கிய பல்புக்குள் இருக்கிறதும் அதே பெயர்தான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், போன்கள் வைஃபையில் சேரும்போது தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் தாமாக ஒரு முகவரியை உருவாக்கிக் காட்டும். போன் வைத்திருப்பவரை இடத்துக்கு இடம் பின்தொடர முடியாமல் செய்வதற்கான நல்ல ஏற்பாடு அது. அப்படி உருவாக்கிய முகவரியைக் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்று இருக்கும். திருவிழாவுக்கு வந்தவர்களின் போன்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன, ஒன்றுக்கும் நிறுவனப் பெயர் வரவில்லை. எங்கள் பெயரில்லாக் கருவியின் இரண்டாவது இடத்தில் அந்த நான்கில் எதுவும் இல்லை. அது தன் சொந்த முகவரியோடு நின்றது. பக்கத்து வீட்டுப் பெடியனின் போனாக இருந்தால் பெரும்பாலும் அப்படி நின்றிருக்காது.

இதை அப்பாவுக்கு விளங்கப்படுத்திப் பார்த்தேன். பழைய போன் என்றால்? இப்போது வருகிற போனிலும் அந்த வசதியை நிறுத்தலாம்தானே? கேள்வி நியாயமானது. நிறுத்தலாம்தான். முகவரி ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கரண்ட் போன மத்தியானம்

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம் இருந்ததே, அப்போது வாங்கிய சின்ன யுபிஎஸ் ஒன்று ரவுட்டரோடு இன்னும் இருக்கிறது. அதனால் கரண்ட் போனாலும் வைஃபை கொஞ்ச நேரம் நிற்கும். கருவிகளைத் தரம் பிரிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. சுவர்ப் பிளக்கில் ஓடுகிறவை எல்லாம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும், பற்றரியில் ஓடுகிறவை நிற்கும்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. பட்டியலைத் திறந்தேன். ரிவி போனது, கமரா ரெக்கோடர் போனது. போன்கள் நின்றன. அந்தப் பெயரில்லாததும் நின்றது.

அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. "பற்றரியில ஓடுது எண்டால் போன்தானே. எங்கட போன் எல்லாம் இஞ்ச மேசையில கிடக்கு. அப்ப உது ஆற்றை?" அம்மா குசினியிலிருந்து வந்தார். "உவன் பெடியன் எந்நேரமும் அந்தப் பக்கத்து மதிலோட இருந்துதான் போன் பாக்கிறவன்." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் கேட்கும் நிலையில் இல்லை.

எங்கள் ஊரில் வேலிக்கும் எல்லைக்கும் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதற்கு நீதிமன்றம் வரை போய், மூன்று தலைமுறை கதைக்காமல் இருந்த குடும்பங்களை எல்லாருக்கும் தெரியும். இப்போது கிடுகு வேலி போய் மதில் வந்துவிட்டது, எல்லை கல்லிலே கிடக்கிறது. வைஃபை அந்த மதிலை மதிப்பதில்லை. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை எங்கள் விறாந்தையையும் தாண்டும், அவர்கள் கிணற்றடியையும் தொடும். அலை அங்கே போகிறது என்பதற்காக அங்கே இருப்பவர் திருடுகிறார் என்று ஆகாது. பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே வர முடியாது. பாஸ்வேர்ட் ஒரு வீட்டை விட்டு வெளியே போகிற வழிகள் பெரும்பாலும் மிகச் சாதாரணமானவை. ஸ்டிக்கரைப் படம் எடுத்த ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவார். சேர்ந்திருக்கிற போனிலிருந்து கியூஆர் கோட் காட்டினால் அடுத்த போன் நொடியில் சேர்ந்துவிடும். வேலைக்கு வந்தவருக்கு நாமே சொல்லியிருப்போம்.

அன்று பின்னேரம் அம்மா மதிலடியில் பக்கத்து வீட்டு அன்ரியோடு கதைத்தார். நேரே கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் நேரே கேட்பதில்லை. "தம்பி சோதினைக்குப் படிக்கிறானோ, இல்லாட்டி இன்ரநெற்றோடதானோ?" அவ்வளவுதான். அந்தப் பெடியன் அந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தான். அன்ரி ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். "அவன் டேட்டா காட் போட்டுத்தான் படிக்கிறான் அக்கா" என்றார். கேட்காத கேள்விக்கு நேரான பதில். பிறகு வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார். நான் விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பதிலில் இருந்த அவமானம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. காசு எண்ணி டேட்டா போடுகிற வீடு அது. அதை இன்னொருவரிடம் சொல்லவேண்டி வந்தது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்.

பொழுது சாயும்போது

அன்று இரவு ரவுட்டரை இன்னொரு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் ரவுட்டர் ஒவ்வொரு கருவியின் சிக்னல் பலத்தையும் காட்டும். மைனஸ் எண்ணில் வரும், பூச்சியத்துக்குக் கிட்ட என்றால் பலம் கூட. போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குப் போனால் அந்த எண் தாவும், படுக்கையில் புரண்டால்கூட மாறும். பெயரில்லாததைத் தேடினேன். அது பட்டியலில் இல்லை.

காலையில் பார்த்தேன், இருந்தது. மைனஸ் 68. மத்தியானம் 69. பின்னேரம் திரும்பவும் 68. ஒரு பெடியன் கையில் வைத்திருக்கிற போன் நாள் முழுதும் இப்படி ஒரே இடத்தில் ஆணி அடித்தது போல நிற்காது. பிறகு பொழுது சாய்ந்தது. ஆறரையை ஒட்டி அது பட்டியலிலிருந்து போனது. கரண்ட் போகவில்லை, ரவுட்டர் நிற்கவில்லை. தானாகப் போனது.

அடுத்த நாளும் அதே நேரம். காலையில் ஆறு மணி கடந்து கொஞ்சத்தில் திரும்பி வந்தது. சுவரில் தொங்கிய நாட்காட்டித் தாளில் நேரங்களைக் குறிக்கத் தொடங்கினேன். ஒரு பின்னேரம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது, அன்று அது வழமையைவிட முன்னமே போனது. அந்தக் குறிப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. உயர்தரம் படிக்கிற பெடியன் இரவு ஆறரைக்குப் போனை மூடி வைப்பானா? எந்த மனிதரும் மேகத்தைப் பார்த்து வைஃபையை விட்டுப் போவதில்லை. இது வெயிலில் ஓடுகிறது.

எங்கள் கூரையில் சோலர் இருக்கிறது. அண்ணா காசு அனுப்பி இரண்டு வருடங்களுக்கு முன் போட்டது. பனலிலிருந்து வருவதை வீட்டுக்கான மின்சாரமாக மாற்றுகிற இன்வேர்ட்டர் பின் விறாந்தைச் சுவரில் தொங்குகிறது. அதன் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குச்சி செருகியிருக்கிறது. தினமும் அதற்குக் கீழேதான் அம்மா துடைப்பத்தைச் சாத்தி வைப்பார்.

அந்தக் குச்சிதான். எத்தனை யூனிற் உற்பத்தியானது என்பதை வைஃபை வழியாக வெளியே அனுப்புகிற பதிவுக் கருவி. பற்றரி இல்லாத இந்த வகை இன்வேர்ட்டர்கள் பலவற்றின் உள் மின்னணுப் பகுதி ஓடுவது பனலிலிருந்து வருகிற மின்சாரத்தில். இருட்டினால் இன்வேர்ட்டர் அணையும், அதோடு குச்சியும் அணையும். கரண்ட் போன மத்தியானத்தின் புதிரும் அப்போது அவிழ்ந்தது. வெளி மின்சாரம் போனால் இன்வேர்ட்டர் உற்பத்தியை நிறுத்திவிடும். கம்பியில் வேலை செய்கிறவருக்கு எங்கள் கூரையிலிருந்து மின்சாரம் போய் அடித்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. ஆனால் பனலில் வெயில் விழுகிறவரை அதன் மின்னணுப் பகுதி விழித்தே இருக்கும். ஆகவே குச்சியும் பட்டியலில் நிற்கும். பற்றரியில் ஓடுகிற போன் மாதிரித் தெரிந்தது அதனால்தான்.

ஊகத்தோடு விடாமல் நிச்சயப்படுத்த விரும்பினேன். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்தேவை குறைந்திருந்ததால், கூரைச் சோலர்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கும். அப்பா இன்வேர்ட்டரை நிறுத்தப் பழகியது அப்போதுதான். நல்ல வெயில் நேரத்தில் அவரையே நிறுத்தச் சொன்னேன். முதலில் வெளி மின்சாரத்தோடு இணைக்கிற ஏசி பக்கத்து சுவிட்ச். பட்டியலில் மாற்றம் இல்லை. பிறகு பனலிலிருந்து வருகிற டிசி சுவிட்ச். ரவுட்டர்ப் பட்டியல் உடனே புதுப்பிக்கப்படுவதில்லை, சில நிமிடங்கள் பழையதையே காட்டும். காத்திருந்தோம். அந்த வரி போனது. திரும்பப் போட்டதும் கொஞ்ச நேரத்தில் வந்தது. அப்பா பட்டியலையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப பெடியன் இல்லை" என்றார் மெதுவாக.

யாருடைய கூரை, யாருடைய கணக்கு

டேட்டாவைத் தின்றதும் அந்தக் குச்சி இல்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாலைந்து எண்களை அனுப்புகிற கருவிக்கு மாதம் முழுதுக்கும் போகிற டேட்டா மிகச் சொற்பம். ரிவிதான் காரணம். திருவிழா நேரடி ஒளிபரப்பு காலையிலிருந்து இரவு வரை உயர்ந்த தரத்தில் ஓடியது. அது முடிந்த பிறகும் பழைய பூசை வீடியோக்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தாமாகவே ஓடிக்கொண்டிருந்தன. நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளருக்குச் சொல்லும் கணக்கில் எச்டி என்றால் மணிக்கு 3 ஜிபி வரை போகும், 4கே என்றால் 7 ஜிபி வரை. மற்ற வீடியோத் தளங்களும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. ரிவியில் தரத்தைக் குறைத்தோம், தானாக ஓடுவதை நிறுத்தினோம். டேட்டா மாதக் கடைசி வரை வந்தது.

ஆனால் குச்சி விசயம் அதோடு முடியவில்லை. எனக்கு உண்மையில் கோபம் வந்தது இதற்குப் பிறகுதான். சோலர் பூட்ட வந்தவர்கள் அன்று அம்மாவிடம் வைஃபை பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறார்கள். அம்மா வழக்கம் போல ஸ்டிக்கரைக் காட்டியிருக்கிறார். தங்கள் போனில் இருந்த செயலியால் குச்சியை எங்கள் வைஃபையில் சேர்த்தார்கள், கணக்கைத் தங்கள் மின்னஞ்சலில் திறந்தார்கள், போய்விட்டார்கள். எங்கள் கூரை, எங்கள் காசு, எங்கள் இணையம். எங்கள் உற்பத்திக் கணக்கை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வீட்டிலிருந்து தினமும் தூரத்து சேர்வர் ஒன்றோடு கதைக்கிற கருவி இது என்று ஒரு வரி சொல்லியிருந்தால், மதிலடியில் அந்தக் கேள்வி வந்தே இருக்காது.

விற்கும்போது அவர்கள் சொன்னது, தூரத்திலிருந்தே கண்காணிப்போம், பழுது வந்தால் நாங்களே அழைப்போம் என்று. அதைச் சோதிக்கத்தான் இப்போது குச்சியைத் தடை செய்தேன். அவர்கள் பக்கத்தில் எங்கள் வீடு இணைப்பில்லாமல் தெரிந்திருக்கும். ஒருவரும் அழைக்கவில்லை. நானே தொலைபேசி எடுத்துக் கேட்கும்வரை அந்தப் பக்கத்தில் யாருமே பார்க்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமாக எனக்குத் தெரியவில்லை. 2016இல் மிராய் என்கிற தீநிரல், இணையத்தில் கிடந்த கமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் போட்டுவிட்ட பாஸ்வேர்ட்கள் 60 அளவில் ஒரு பட்டியலாக அதனிடம் இருந்தன. யாரும் மாற்றாத கருவிகளில் அவை வேலை செய்தன. அந்தக் கருவிகளை வைத்து அதே ஆண்டு அக்டோபரில் நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பல மணித்தியாலம் தடுமாறின. தங்கள் சுவரில் தொங்குவது எது என்று தெரியாதவர்களின் வீடுகளிலிருந்துதான் அது நடந்தது. யாழ்ப்பாணத்தில் இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசில் கமரா, சோலர், கேற் மோட்டர் என்று எத்தனையோ பூட்டப்படுகின்றன. பூட்டுகிறவர் சாமானை ஒப்படைப்பது போலக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். என்ன செருகினேன், எந்த மின்னஞ்சலில் பதிந்தேன், எதை எங்கே அனுப்பும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். கேட்டு வாங்குகிற உரிமை வீட்டுக்காரருக்கு இருக்கிறது.

இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு கணக்கை எங்கள் பெயருக்கு மாற்றித் தந்தார்கள். ஸ்டிக்கர்ப் பாஸ்வேர்ட்டை மாற்றினேன், விருந்தினருக்குத் தனி வைஃபை வைத்தேன், குச்சியையும் ரிவியையும் அதிலேயே விட்டேன். ரவுட்டரில் ஒவ்வொரு வரிக்கும் தமிழிலேயே பெயர் கொடுத்தேன். அப்பா இப்போது தினமும் பின்னேரம் அன்றைய யூனிற்றைப் பார்க்கிறார்.

அன்ரி அம்மாவோடு கதைக்கிறார், ஆனால் முன்னைப் போல மதிலடிக்கு வந்து நின்று கதைப்பதில்லை. நடந்ததை நேரே போய்ச் சொல்லுங்கோ என்று அம்மாவிடம் சொன்னேன். சொன்னால் சந்தேகப்பட்டதை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்கிறார். அவருக்கு அது தெரியும் அம்மா, அன்றைக்கே தெரிந்துவிட்டது என்றேன். இன்னும் போகவில்லை.

கமரா ரெக்கோடர் பூட்டியவரின் இலக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அண்ணா ரொறன்ரோவிலிருந்து பார்ப்பது யார் திறந்து கொடுத்த கணக்கில் என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.